கட்சி இல்லாதவருக்கு வைத்த பொட்டு

கட்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்குப் பயம். ஊரில் கட்சியாலும் ஆயுத இயக்கத்தாலும் பட்டது போதும் என்றுதான் பாதிப்பேர் ஜேர்மனியின் இந்த ரூர் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். ஜேர்மன் குடியுரிமை எடுத்து, வாக்குரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் எங்கள் நகரத்து மேயர் தேர்தலில் "எனக்குக் கட்சியே இல்லை" என்று ஒருவர் பதாகை கட்டி நின்றபோது, தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. சுயேச்சை என்றால் சுத்தம் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். பதாகையில் "ஒழுங்கு" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நின்று வாசித்தவர்கள் குறைவு.

முதல் சுற்றில் யாருக்கும் பாதி வாக்குக் கிடைக்கவில்லை. இவரும் இன்னொரு கட்சிக்காரரும் இரண்டாம் சுற்றுக்கு வந்தார்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவில் எங்கள் வாணி விழா, அதாவது சரஸ்வதி பூசை, வந்தது.

"ரெண்டு பேரையும் கூப்பிடுவம். பிறகு ஒருத்தரும் எங்களைக் குறை சொல்லேலாது," என்றார் சங்கத் தலைவர். அவருடைய கவலை மண்டபம். நாங்கள் விழா நடத்துவது மாநகரசபையின் மண்டபத்தில். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியிருந்தது. கட்சிக்காரர் வர வசதியில்லை என்று அறிவித்துவிட்டார். கட்சி இல்லாதவர் வந்தார், கூடவே ஒரு படப்பிடிப்பாளரையும் கூட்டிக்கொண்டு.

விழா என்றால் வாசல் மேசை என் பொறுப்பு. நிறைகுடம், விளக்கு, சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. சேலை உடுத்துக்கொண்டு சிரித்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. எங்கள் ஆட்கள் தாங்களே தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஜேர்மன்காரர்களுக்கு அது தெரியாது, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு முழிப்பார்கள். அதனால் அவர்களுக்கு நாங்களே வைத்துவிடுவது வழக்கம். அவருக்கும் பொட்டு வைத்தேன். நல்ல உயரம், குனிந்து கொடுத்தார். நான் எட்டி வைத்தபோது இருவருமே சிரித்தோம், படப்பிடிப்பாளர் அதைப் படம் எடுத்தார்.

பிறகு அவர் செய்த வேலைதான் எல்லோரையும் கவிழ்த்தது. யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சனம் உருகிப்போய்விட்டது. வடையை வாங்கிச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார். மேடையில் ஏறி, இந்த நகரத்துக்கு நீங்கள்தான் முன்மாதிரி என்றார். கை தட்டினோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த கிழமை அந்தப் படம் நகரம் முழுக்கத் தபால் பெட்டிகளில் துண்டுப் பிரசுரமாக விழுந்தது. என் விரல் அவர் நெற்றியில். மேலே, "ஒழுங்காக வாழ்கிற வெளிநாட்டவருக்கு என்னிடம் பயமில்லை." கீழே, மற்றவர்களை நாட்டைவிட்டு அனுப்புவதற்கு அவர் என்னென்ன செய்வார் என்ற விளக்கம். அதில் சிரியாக்காரரைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தது.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே என்னோடு வேலை செய்கிறவள் ஒரு சிரியாக்காரி. எங்கள் ஆட்களுக்குள்ளே எனக்குச் சொந்தம், ஊர்க்காரர், கோயில் பழக்கம் என்று நிறையப் பேர் உண்டு. ஆனால் இந்த நாட்டில் நானாகத் தேடிக்கொண்ட சிநேகிதி அவள் ஒருத்திதான். அவளுடைய கணவனின் வதிவிட அனுமதி அப்போது இழுபறியில் கிடந்தது. அவளை இழந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தக் கிழமை முழுக்க என் தலைக்குள் ஓடியது.

ஊழியர் சமையலறையில் பிரசுரத்தை என் முன்னால் வைத்தாள்.

"இது நீதானே?"

வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் வைப்பதுதான், ஆசீர்வாதம் இல்லை, வாக்குறுதியும் இல்லை, வெறும் மரியாதை என்றேன்.

"என்னைத் துரத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் உன் வாசலுக்கு வந்தாலும் இதே மரியாதைதானா?"

அவர் எங்கள் மண்டபத்தில் அப்படிப் பேசவில்லை என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் கத்தவில்லை. "அவனோடு நாங்கள் இல்லை என்று நாலு பேருக்குத் தெரிய உங்கள் சங்கம் எழுதட்டும். எனக்கு அது போதும்," என்றாள்.

அன்றைக்கே தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, ரெண்டு வரி எழுதுங்கோ. அந்தப் படத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை எண்டு."

"தங்கச்சி, பொறுங்கோ. மனிசன் வெண்டாலும் வெல்லும். பிறகு மண்டபத்துக்கு ஆரிட்டப் போறது?"

"என்ர மூஞ்சையல்லோ அண்ணை தெருத்தெருவாக் கிடக்குது!"

"வடிவாத்தானே இருக்கிறியள்," என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன். வேட்பாளரின் அலுவலகத்துக்கே அழைத்துப் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் பண்பாக, அது பொது நிகழ்ச்சி, தவிர நீங்கள் மகிழ்ச்சியாகத்தானே தெரிகிறீர்கள் என்றாள். அன்றைக்கு நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

இரண்டாம் சுற்றில் அவர் தோற்றார். தலைவர் எனக்குப் போன் எடுத்து, "பாத்தியளே, ஒண்டும் நடக்கேல்லை. சும்மா பதறினியள்," என்றார். எனக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இனி சிநேகிதியோடு பேசிச் சரிப்படுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

காலையில் ஒரு கிழவியைக் கழுவித் துடைக்க இருவரும் ஒன்றாகப் போக நேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவரின் மனைவி. வாய் கொஞ்சம் துடுக்கு, ஆனால் எங்கள் இருவர் மீதும் உயிர். மற்ற யாரும் தொட்டால் சண்டை பிடிப்பாள். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கிழவி என் கையைப் பிடித்துத் தடவினாள்.

"பாவம் உன் ஆள், தோற்றுவிட்டார்," என்றாள். "நான் தபால் வாக்கை அவருக்குத்தான் போட்டேன். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இருந்தது. பிறகு அந்தக் கடதாசியில் உன்னைக் கண்டேன். எங்கள் பிள்ளையே இவரை நம்புகிறாள் என்றால் நல்ல மனிதராகத்தான் இருப்பார் என்று போட்டுவிட்டேன்."

என் கை அவள் கைக்குள் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கிழவி அந்தப் பக்கம் திரும்பி, "அவர் வென்றிருந்தால் உன்னைப் பற்றியும் அவரிடம் நல்லபடி சொல்லியிருப்பேன் பிள்ளை, நீ பயப்படாதே," என்றாள். உண்மையான அன்போடுதான் சொன்னாள்.

"நன்றி," என்றாள் என் சிநேகிதி. துவாயைப் பிழிந்து, கிழவியின் முதுகை மெதுவாகத் துடைத்து, கிரீம் பூசி, சட்டையை மாட்டி, தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உன்னை நம்பிப் போட்டிருக்கிறாள்," என்றாள். "இந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர்?"

அவள் அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை போடுவதில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டாள் என்று பொறுப்பாளர் சொன்னார். காரணம் ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.