தீவில் விட்டுப் போனார்கள், அவர் பார்த்தார்

குச்சனூர்க் கோயிலுக்கு வந்து போகிற எல்லாச் சொந்தங்களுக்கும் ஒரு தாய் எழுதுவது.

போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, ஆள் இல்லாத தீவில் என் பன்னிரண்டு வயது மகள் என் மடியில் கண் செருகிக் கிடந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. கையில் போன் இல்லை. கூட வந்தவர்கள் படகில் ஏறிப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. திரும்பி வருகிறோம் என்று சொன்ன படகு வரவில்லை. அன்றைக்கு அவள் என் கையை விட்டுப் போயிருந்தால் இதை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சின்னமனூர் பக்கம் வாழை, திராட்சை போடுகிற குடும்பம். பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம். பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று நினைப்பேன். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். என் மகள் தர்ஷினிக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு வருகிற சர்க்கரை, மாத்திரையில் நிற்காது, ஆயுசுக்கும் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மயக்கம், வலிப்பு, அப்புறம் உயிருக்கே ஆபத்து. நர்சம்மா சொன்ன நாளிலிருந்து ஒரு பை என் தோளிலேயே இருக்கும். ஊசி, சர்க்கரை பார்க்கிற மிஷின், குளுக்கோஸ், பிஸ்கட், மிட்டாய். வீட்டுக்குள்ளேகூட அதைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பேன்.

என் கணவருடைய அண்ணன் மகனுக்குக் கல்யாணம் முடிந்து, கம்பத்துச் சம்பந்தி வீட்டாரை எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. வைகை அணையும் சுருளியும் எல்லாரும் பார்த்ததுதான். ராமேஸ்வரம் பக்கம் தெரிந்த ஆள் ஒருத்தர் தனிப் படகு வைத்திருக்கிறார், ஆளே இல்லாத தீவில் காலையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டி வருவார் என்று என் மூத்தார், கணவரின் அண்ணன், சொன்னார்.

“அங்க போக அனுமதி வேணும்னு சொல்றாகளே மாமா?” என்று நான் கேட்டேன். “சனிக்கிழமை வேற. கடல் வேணாமே.”

“உன் பொண்டாட்டி கடலுக்கே நாள் பாக்குறாடா,” என்று அவர் என் கணவரிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி, என் ஓரகத்தி, என் தோளைத் தட்டினாள். “மெடிக்கல் கடையத்தான் தோள்லயே தூக்கிட்டு வாரயே, அப்புறம் என்னடி பயம்?”

விடிவதற்கு முன்னால் வேன் ஏறினோம். மூத்தார், ஓரகத்தி, அவர்கள் மகன், மருமகள், சம்பந்திகள் இரண்டு பேர், என் கணவர், நான், தர்ஷினி. ஒன்பது பேர். படகு சின்னது, நீல நிறம். ஏழு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று படகுக்காரர் சொன்னதால் இரண்டு நடையாகப் போய் இறங்கினோம். ஒரு நடைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த இடம் அழகு. மணல் மாவு மாதிரி இருந்தது. தண்ணீர் கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரியும். தர்ஷினி அப்படிச் சிரித்து நான் பார்த்து நான்கு வருடம் இருக்கும். மதியம் ஊசி போட்டேன். புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்தேன். நான்கு வாய் தின்றாள், “போதும்மா, அப்புறமா சாப்பிடுறேன்” என்று தண்ணீருக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே போய் ஊட்டியிருக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து பிஸ்கட்டாவது கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் படகுக்காரர் அவசரப்படுத்தினார். “காவலுக்குச் சுத்துறவுக வர்ற நேரம். வெரசாக் கிளம்புங்க.”

யார் முதல் நடை என்ற பேச்சு வந்தது. சம்பந்தி வீட்டார் நிற்கும்போது நான் எப்படி முதலில் ஏறுவது? “நீங்க முதல்ல போங்கக்கா” என்று என் வாயால்தான் சொன்னேன். பிள்ளைக்காரி நீ ஏறு என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. ஆறு பேரும் ஏறினார்கள். மூத்தார் என் கணவரைக் கூப்பிட்டார். “ஏலே, நீயும் ஏறு. அங்கன பாத்திரம் பண்டத்த இறக்க ஆள் வேணும்ல.” அவரும் ஏறினார்.

படகிலிருந்து ஓரகத்தி கை நீட்டினாள். “பையெல்லாம் இங்க குடு. கடைசி நடையில நீங்க ரெண்டு பேரும் கைய வீசிக்கிட்டு வரலாம்.”

தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்தேன். கடைசியாக என் பையையும் கொடுத்தேன். போனும் அதற்குள்தான் இருந்தது. நான்கு வருடமாகத் தோளை விட்டு இறக்காத பையை அவர்கள் கேலிக்குக் கூச்சப்பட்டு என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். படகு போய்விட்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. படகு வரவில்லை. தர்ஷினி தண்ணீரை விட்டு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. “பசிக்குதும்மா.” நாங்கள் சாப்பிட்ட இடத்தில் தேடினேன். சிந்திய சோறு மணலோடு மணலாகக் கிடந்தது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் இனிப்பாக ஏதாவது அகப்படும். திராட்சை, வாழைப்பழம், கரும்பு, இளநீர். இங்கே முள்ளும் மணலும்தான். கடலைப் பார்த்துக் கத்தினேன். என் சேலை முந்தானையை வீசி வீசிக் காட்டினேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து “நீ போ, நீ போ” என்று கோபப்பட்டாள். பிறகு கோபமும் நின்றுவிட்டது. தலை என் மடியில் சாய்ந்தது.

அப்போதுதான் நான் சாமியைக் கூப்பிட்டேன்.

உங்களுக்கே தெரியும், நம் குச்சனூர்ச் சாமியை நாம் எப்படிக் கும்பிடுகிறோம் என்று. நேரே நிற்காதே, ஓரமாக நில், அவர் பார்வை படக் கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். எள் விளக்குப் போட்டு, “என்னை விட்டுரு சாமி” என்றுதான் கேட்கிறோம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டேன். என் பக்கம் வராதே, என் பிள்ளை பக்கம் திரும்பாதே என்று. அன்றைக்கும் பழக்கத்தில் அதுதான் வாயில் வந்தது. விட்டுரு சாமி, விட்டுரு சாமி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆத்திரமும் அழுகையும் வந்தது. எல்லாரும்தான் விட்டுவிட்டுப் போய்விட்டார்களே! நீயும் விட்டுவிட்டால் இந்தப் பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். “பாரு! என்னைய நேராப் பாரு! எனக்கு என்ன வேணாலும் செய்யி. எம்பிள்ளையப் பாரு சாமி!”

இந்த இடத்தில் நான் ஒரு சொல் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. ஒரு காகம் வந்து எங்களுக்குப் பத்தடி தள்ளி இறங்கியது. அதன் வாயில் சோறு. நாங்கள் சிந்தியதைத்தான் பொறுக்கியிருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை தவறாமல் காகத்துக்குச் சோறு வைக்கிறவள் நான், என் கண்ணுக்கு அது சட்டென்று தட்டுப்பட்டது. எங்களுடையது புளிச்சோறு, மஞ்சள் நிறம். காகத்தின் வாயில் இருந்தது வெள்ளைச் சோறு. வெள்ளைச் சோறு இருந்தால் பக்கத்தில் மனிதர்கள் இருக்க வேண்டும். காகம் எழும்பி முட்புதருக்கு மேலே தீவின் அந்தப் பக்கம் பறந்தது.

பாம்பு கிடக்கும் என்று பயந்து காலையிலிருந்து அந்தப் புதர்ப் பக்கம் நான் திரும்பவே இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன கனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முள் கிழித்தது அப்போது தெரியவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்தால் பெண்கள் சிரித்துப் பேசுகிற சத்தம்.

மூன்று பெண்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, விரல்களில் துணி சுற்றியிருந்தது. கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். எடுத்த பாசியைப் படகில் குவித்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏத்தா! யாரு நீ? இங்கன எப்பிடி வந்த?” என்று அவர்களில் வயதானவர் எழுந்து ஓடி வந்தார். முனியம்மா என்று பெயர்.

“சர்க்கரை இறங்கிருச்சு. இனிப்பு… ஏதாவது இனிப்பு…” பிள்ளையைத் தோளிலிருந்து மணலில் இறக்கினேன்.

அவர் மடியை அவிழ்த்தார். கருப்பட்டி. தண்ணீரில் முங்குகிறவர்கள் அசதிக்கு வாயில் போட்டுக்கொள்வார்களாம். தண்ணீரில் கரைத்து ஊற்றப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மயங்கின பிள்ளைக்கு எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். கருப்பட்டியை நொறுக்கி நனைத்துக் கன்னத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். முனியம்மா பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தார். மற்ற இருவரும் வெயில் படாமல் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தர்ஷினி சப்புக்கொட்டினாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள். முனியம்மாவைப் பார்த்து, “யாரும்மா இது?” என்றாள்.

“உன் சின்னாத்தா. பேசாமத் தின்னு,” என்றார் அவர்.

நான் அவர் காலில் விழுந்தேன். “எந்திரித்தா, ஒரு கட்டிக் கருப்பட்டிக்கு யாராச்சும் கால்ல விழுவாகளா?” என்று அதட்டினார். விஷயத்தைக் கேட்டதும், “நீலப் படகா? அவன் எங்கன கரையேத்துவான்னு எனக்குத் தெரியும்” என்று அன்றைய வேலையைப் பாதியில் நிறுத்தி எங்களைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். மீதி வெள்ளைச் சோற்றை அவர்களே தர்ஷினிக்கு ஊட்டினார்கள்.

கரையில் எங்கள் ஆட்கள் வேனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நீலப் படகைப் பிடித்து வைத்துக்கொண்டு காவல்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். நாங்கள் இறங்குவதைப் பார்த்ததும் அதில் ஒருவர் என் மூத்தார் பக்கம் திரும்பினார்.

“இவங்க யாரு? ஏழு பேருதான், தீவுல வேற யாரும் இல்லன்னு சொன்னீங்க?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்பது பேர் என்றால் பெரிய கேஸாகும், தீவுக்கே போய்த் தேடுவார்கள் என்று பயந்து நாங்கள் இரண்டு பேரும் இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் கலைந்ததும் சத்தமில்லாமல் வேறு படகு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். என் கணவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். என் பை அவர் கையில் இருந்தது.

ஓரகத்தி ஓடி வந்தாள். “வந்துட்டீகல்ல! ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னேன்ல? நீதானடி முதல்ல போங்கன்னு சொன்ன?”

முனியம்மாதான் சொன்னார். “சட்டி பானையெல்லாம் மறக்காம ஏத்திட்டு வந்திருக்கீக. பிள்ளைய மட்டுந்தான் மறந்திருக்கீக.”

காவல்காரர்கள் எழுதி வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்ப வேன் ஏறினோம். ஆண்டிபட்டி தாண்டும்போது என் கணவர் மெதுவாகச் சொன்னார். “அண்ணன் கையப் பிடிச்சு அமுக்குனாரு. அஞ்சு நிமிஷம் பொறுடான்னாரு. பொறுத்துட்டேன்.” நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் பெற்ற நன்மையைச் சொல்கிறேன். இன்று என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். மருத்துவமனைக்கு நானும் அவளுமாகவே பஸ்ஸில் போகிறோம், யாரையும் துணைக்கு எதிர்பார்ப்பதில்லை. என் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பயந்தவள் என்று யார் சிரித்தாலும் என் பையை இனிக் கொடுக்க மாட்டேன். திராட்சை அறுத்ததும் ஒரு கூடை எடுத்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் போய் வந்தோம். தர்ஷினி அவரைச் சின்னாத்தா என்றுதான் கூப்பிட்டாள்.

குச்சனூரில் இப்போது நான் ஓரமாக நிற்பதில்லை. நேரே நிற்கிறேன். தள்ளி நில் என்று பின்னால் நிற்பவர்கள் சொல்கிறார்கள், நான் நகர்வதில்லை. சொந்தங்களே, நீங்களும் அப்படி நில்லுங்கள். சாமி பார்வையைக் கண்டு ஒளியாதீர்கள். உங்களை யார் பார்க்காமல் போனாலும் அவர் பார்ப்பார். நம்பிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இன்னும் அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறார். ஓரகத்தி தெருவில் பார்த்தால் எதுவும் நடக்காத மாதிரி சிரிக்கிறாள். சன்னதியில் நிற்கும்போது என் மகளுக்காக மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டும், அவர்களைப் பற்றிச் சாமியிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொண்டுதான் போகிறேன். இதுவரை ஒரு வாரம்கூட என்னால் முடியவில்லை.