ஏ, ஆர், டி இருக்கிற ஊர்கள்

பாகலூர் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் தொழிற்பேட்டை. சட்டைப்பையில், செல்லாது என்று திருப்பிக் கொடுத்த என் விடைத்தாள். வழியில் ஒரு கடைப் பலகையில் 'பேட்டரி வாட்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். முதல் வார்த்தையில் ஏ, ஆர், டி மூன்றும் இருந்தன. இரண்டாவதிலும் இருந்தன. அரை மணி நேரத்துக்கு முன் இதில் ஒன்றுகூட என் மண்டையில் வரவில்லை.

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காலையில் போயிருந்தேன். லேபிளைப் பார்த்துச் சின்னப் பெட்டிகளை எடுத்து வைக்கிற வேலை. மூட்டை தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேல் எழும்பாது. அதனால் இந்த வேலை எனக்குக் கிடைத்தாக வேண்டும்.

அங்கே அதிகாரி ஒருவர் பலகையில் மூன்று எழுத்துகளை எழுதினார். அந்த மூன்றும் வருகிற மாதிரி பத்து ஆங்கில வார்த்தை, கால் மணி நேரத்தில். லேபிளைத் தப்பாகப் படித்து எடுப்பதால் உதிரிபாகங்கள் தவறான இடத்துக்குப் போய்விடுகின்றனவாம். எழுத்தைப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கில எழுத்து எனக்குப் படிந்தது நெடுஞ்சாலைப் பலகைகளிலிருந்துதான். வேலை தேடிப் போன ஊர்களின் பெயர்களை, வண்டிக்குக் காத்து நிற்கையில் படித்துக்கொண்டே இருப்பேன். ஆகவே எழுதத் திணறவில்லை. திருப்பத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, ராயக்கோட்டை, திருவண்ணாமலை, திருப்பதி, கோயம்புத்தூர், துமகூரு, சித்ரதுர்கா. பத்தாவதாகக் கர்நாடகா. எல்லோருக்கும் முன்னால் தாளை நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னய்யா இது, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதினயா?"

"மூணு எழுத்தும் எல்லாத்துலயும் இருக்குதுங்க சார். எண்ணிப் பாருங்க."

"இருக்குது, இல்லைங்கல. ஊர்ப் பேரு செல்லாது. வார்த்தை வேணும்."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

"இதெல்லாமா சொல்லுவாங்க? சரி, அஞ்சு நிமிசம் தரேன். வேற எழுது."

உட்கார்ந்தேன். 'ரேட்' என்று ஒன்று வந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு வருடம் அழுத்திய பச்சைப் பொத்தானின் 'ஸ்டார்ட்' வந்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர்களாகவே வந்தன. திருவாரூர், ரத்னகிரி. விரட்ட விரட்ட இன்னொரு ஊர் வந்து நின்றது. நேரம் முடிந்ததும், "எழுத்தைப் பாக்கத் தெரியுதான்னுதான சோதிக்கறீங்க? தெரியுதே!" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகலூர்ப் பெண்.

"அண்ணா, நில்லுங்ணா. என்னா நடை இது! என்னைய நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"நல்லது. என்னத்த எழுதினம்மா?"

"எங்க தோட்டத்துல இருக்கறதுதான். டிராக்டர், கேரட், மார்க்கெட். அப்பறம் தக்காளி அடுக்கற டிரே." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க எழுதின ஊருல பாதி நான் பாத்ததேயில்ல."

"பாத்து என்ன பிரயோசனம்?"

"கோவிச்சுக்காதீங்ணா. அடுத்த மாசம் மறுபடி ஆள் எடுப்பாங்களாம். உங்களுக்காகத்தான் கேட்டுட்டு வந்தேன்."

"அதுவரைக்கும் இந்த டிராக்டரையும் கேரட்டையும் மென்னுட்டு இருக்கட்டுமா?"

அவள் முகம் சுருங்கியது. எரிச்சலை யார்மேல் காட்டுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "போய்ட்டு வாம்மா, முதல் நாள் நேரத்தோட போ" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பினேன். போகிற வழியெல்லாம் பலகைகளில் அந்த மூன்று எழுத்துகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் தரையைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் குந்தாரப்பள்ளியில் சந்தை. விடிந்ததும் போய் இறங்கினேன். தவிட்டு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"தூக்குவயா?"

"தூக்குவேங்க."

வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு, முதல் மூட்டைக்குக் குனிந்தேன்.