செட்டர் சொன்ன பக்கம்

வாலிபால் ஆடிய காலத்தில் நான் ஸ்மாஷ் அடிக்கிறவள். எனக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வந்ததை அடித்தேன், அவ்வளவுதான். கோச் ஆன பிறகுதான் அந்தக் குடைச்சல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் கூட அதே யோசனை.

வண்டியூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். அணி இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வருடம் தனியாக ஒரு கோச் வைக்க நிர்வாகம் சம்மதிக்காது என்று காபி கொடுத்து உட்காரவைத்தே சொல்லிவிட்டார். பரவையிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள், அந்தக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

என் அணியில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் சௌராஷ்டிரா வீட்டுப் பெண்கள். மற்ற அணிகளில் செட்டர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி, பந்து எந்தப் பக்கம் போகும் என்று தன் ஆட்களுக்கு மட்டும் சொல்லுவாள். எங்கள் செட்டருக்கு அந்தத் தொல்லையே இல்லை. வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் சத்தமாகவே சொல்லிவிடுவாள். எதிரணிக்கு ஒன்றும் புரியாது. எனக்கும்தான். அந்த மிச்ச ஒருத்தி, சர்ச் பக்கத்து வீட்டு கிளார்க் மகள், ஒரே மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துக்கொண்டிருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அரையிறுதி பரமக்குடி அணியோடு. முதல் செட்டில் நாங்கள் எங்கே அடித்தாலும் அங்கே நான்கு கைகள் தயாராக நின்றன. செட்டரின் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்களா, தோளைப் பார்த்தா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். தோற்றுவிட்டு வந்த பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

“எங்க பெரியம்மா வீடே பரமக்குடிதான் மிஸ்,” என்றாள் செட்டர், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு. “அங்கயும் எங்க ஆளுக அம்புட்டு பேரு இருக்காக. மறந்துட்டோம்.”

வந்த கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. திடீரென்று பேசாமல் ஆடச் சொன்னால் பழக்கமில்லாமல் ஒருத்தியோடு ஒருத்தி முட்டிக்கொள்வார்கள். அதனால் வாயில் இடது என்றால் பந்து வலது, வலது என்றால் இடது என்று மாற்றிவிட்டேன். இரண்டாவது செட் எங்களுக்கு வந்தது.

கடைசி செட்டின் பாதியில் பரமக்குடிப் பெண்கள் உஷாராகிவிட்டார்கள். மறுபடியும் பந்து போகிற இடத்தில் கைகள் முளைத்தன. நாங்கள் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம் என்ற இடத்தில் டைம் அவுட் கேட்டேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நடுவர் கையை விரித்தார். செட்டர் மட்டும் இடது பக்கம் நின்றவளின் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பந்து வந்ததும் ஏதோ கத்தினாள். தடுக்க வேண்டிய இரண்டு பெண்களும் எங்கள் வலது பக்கத்துக்கு எதிரே எகிறினார்கள். எங்கள் பந்து இடது பக்கம் போய், ஆளில்லாத மூலையில் விழுந்தது.

இறுதி ஆட்டம் நிச்சயம். என் வேலையும் பிழைத்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போதே செட்டரைத் தனியாக இழுத்து, என்னதான் கத்தினாய் என்று கேட்டேன்.

“இடதுன்னுதான் மிஸ். நாம பொய் சொல்றது அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல, அதான் உண்மையவே சொல்லிட்டேன்.”