ஆள் எழுந்துபோன முக்காலி

கூத்தாநல்லூரில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் அவர். ஒட்டிய கன்னம், தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. அரபு நாடுகளுக்குப் போன பாதி ஊர் அவருடைய முக்காலியில் உட்கார்ந்து எழுந்ததுதான். ஆள் எழுந்ததும் விளக்கை அணைக்காமல் வெறும் முக்காலியையும் ஒரு படம் எடுப்பார். அதைச் சுவரில் ஒட்டி, இலையுதிர்காலம் பற்றிய ஜப்பானியக் கவிதை ஒன்றைத் தமிழில் மூன்று வரியாக அடியில் எழுதிவைப்பார். ஃபிலிமைக் கரியாக்குகிறார் என்று ஊர் சிரித்தது.

துபாய் போவதற்காக நானும் படமெடுக்கப் போனேன்.

“வருஷம் பூரா பச்சையா கெடக்குற ஊர்ல இலையுதிர்காலம் ஏதுங்க?” என்று கேட்டேன்.

“மரத்தப் பாத்தா தெரியாது தம்பி. முக்காலியப் பாருங்க.”

அப்போது ஒரு அம்மாள் உள்ளே வந்தார். சவூதியில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன மகனின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்க வேண்டுமாம்.

“இதுல மொகம் வெறச்சிக் கெடக்கு. சிரிச்ச மாதிரி வேற இல்லீங்களா?”

ஸ்டுடியோக்காரர் சுவரிலிருந்து ஒரு முக்காலிப் படத்தை எடுத்துக் கொடுத்தார். “இதுதாம்மா இருக்கு. அவன் எந்திரிச்ச ஒடனே எடுத்தது.”

கடைசி இலை விழுந்த பிறகும் ஆடுகிற கிளையைப் பற்றி அதன் அடியில் எழுதியிருந்தது. அந்த அம்மாள் அதைப் படிக்கவில்லை. படத்திலிருந்த முக்காலியை உள்ளங்கையால் தடவினார்.

“இதையும் பெருசு பண்ணிக் குடுங்க. புள்ள ஒக்காந்த சூடு இருக்கும்.”

அவர் போன பிறகு ஸ்டுடியோக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். படம் எடுத்து முடித்ததும் எனக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தார் என்று துபாயில் இருந்தவரை யோசித்திருக்கிறேன். நான் எழுந்ததும், முக்காலியைப் பார்க்காமலே விளக்கை அணைத்துவிட்டார்.