பிடோக்கில் ஒரு கிளிப்பச்சைச் சேலை

ஊரிலிருந்து யார் புதிதாக வந்தாலும் சரி, ஈசூனில் வழிகாட்ட அங்கே குடியிருக்கும் மதலேனாவைத்தான் கூப்பிடுவார்கள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடேயப்பா, இதே மதலேனாதான் 1980இல் சொந்த வீட்டையே தொலைத்துவிட்டு நின்றவள்!

அப்போது பிடோக்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் தனியாகக் கப்பலேறி வந்து புருஷன் ஜார்ஜோடு சேர்ந்த புதுசு. ஜார்ஜுக்குக் கப்பல் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. துணிச்சல்காரி சும்மா இருப்பாளா? "நானே போய் ஊரைப் பாத்துட்டு வரேன் அத்தை" என்று கிளம்பிவிட்டாள்.

மாமியார் அல்போன்சம்மாள் வாயைத் திறந்தாலே வெடிதான். "போ லா, யாரு வேணாங்கறா? ஆனா தொலஞ்சி நின்னே, அப்புறம் தனியா படியெறங்க விடமாட்டேன். நம்ம கட்டடத்து புளோக் நம்பர சொல்லு பாப்போம்."

"நம்பர் எதுக்கு? சன்னலுக்கு வெளிய நீட்டின கழியில என் கிளிப்பச்சச் சேல காயுதுல்ல, அதான் அடையாளம்!"

அல்போன்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு நம்பரைச் சொன்னாள். அது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது.

லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை கேட்டதும் மதலேனாவுக்குக் கண் நிறைந்தது. சிராங்கூன் சாலையில் மல்லிகைக் கடையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சாலையைக் கடக்கப் பயந்து நின்றவளை, பாஷை தெரியாத ஒரு சீனத்து அம்மா கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். அவளுக்காக மதலேனா மனசுக்குள் ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னாள். எவ்வளவு நல்ல ஊர்!

திரும்பி வந்து பிடோக்கில் இறங்கியபோது மழை கொட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். மாதாவே! ஒரு சன்னலிலும் துணி இல்லை. மழையென்றதும் ஊரே கழிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கட்டடங்களோ எல்லாம் ஒரே அச்சு. இனிமேல் இந்த நல்ல ஊரைச் சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டுமா?

நனைந்துகொண்டே ஒவ்வொரு கட்டடமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். தூரத்தில், நாலாவது மாடியில், ஒரேயொரு கிளிப்பச்சைச் சேலை சொட்டச் சொட்டத் தொங்கியது.

மூச்சிரைக்கப் படியேறினாள். கதவு திறந்தே கிடந்தது. சன்னலோரம் அல்போன்சம்மாள் தொப்பலாக நனைந்து, கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தை இது!"

"எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிட்டேன் லா. அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, நீ எதப் பாத்து வருவேன்னு. திரும்ப மாட்டினேன். காத்து கழியப் பிடுங்குது, அதான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

மதலேனா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். பெற்றவளைப் பிரிந்து வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

"சரி சரி, தலையத் தொவட்டு" என்றாள் அல்போன்சம்மாள். "அடுத்த ஞாயித்துக்கெழம எங்க போகப் போறே?"