மோட்டார் பிளக்கில் வெந்த பரங்கிக்காய்

முதல் சம்பளத்தில் நான் ஆசையாக வாங்கிய ஓவன் எங்கள் வீட்டில் அப்பளப் பெட்டியாகிவிட்டது. அப்பளத்தையும் வடகத்தையும் உள்ளே வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவாள் அம்மா. வீட்டில் எலி தொடாத ஒரே இடம் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேலை வந்தது. மறைமலைநகரில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று தோழிகள் முதன்முறையாக எங்கள் ஊருக்குச் சாப்பிட வருகிறார்கள். "எங்க தோட்டத்துப் பரங்கிக்காயை ஓவன்ல வெச்சுத் தரேன், அப்புறம் கோழிக் குழம்பைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க" என்று கம்பெனி பஸ்ஸில் நானே சவால் விட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், முதலில் கம்பெனி பஸ் ஏறியவள். சவாலும் நான்தானே விடவேண்டும்!

அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. "மாட்டுக்குப் போடறதப் போயி விருந்தாளிக்கு வெப்பியா? நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

நான் காதில் வாங்காமல் தோலோடு பிறைபிறையாக நறுக்கினேன். உப்பு, மிளகுத்தூள், தட்டிய பூண்டு, கடலை எண்ணெய் போட்டுப் பிசறினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஓவனின் தடித்த பிளக் எந்த அறையின் சுவிட்ச் போர்டிலும் நுழையாது என்று. வீட்டில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அது கொல்லையில், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டாருக்கு.

அப்பாவும் நானும் ஓவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் துவைக்கிற கல்மேல் வைத்தோம். மோட்டார் பிளக்கைப் பிடுங்கி ஓவனுடையதைச் செருகினேன். உள்ளே கம்பிகள் சிவந்தன.

"நல்லாக் கீது போ! இன்ஜினீரு துணி தொவைக்கிற கல்லுல சமைக்குது" என்றார் அப்பா.

பூண்டு மணக்க ஆரம்பித்த நேரம், தோழிகள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். கைகால் கழுவத் தண்ணீர் பிடிக்க அம்மா குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து வீட்டையே கழுவிவிட்டதில் தொட்டி காலி.

வெறும் சொம்போடு கொல்லைக்கு ஓடிவந்தாள். "பிளக்க மாத்துடி! வாசல்ல நின்னுகினு கீதுங்க!"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். துண்டுகளின் ஓரம் இப்போதுதான் சுருங்குகிறது. நிறுத்தினால் பாதி வெந்த பரங்கிக்காய்தான் இலைக்கு வரும். அம்மா பயந்தது அப்படியே நடக்கும்.

"இப்ப நிறுத்தினா எல்லாம் வீணும்மா."

என்னை முறைத்தாள். அப்புறம் குனிந்து அவளும் உள்ளே பார்த்தாள். பொன்னிறத் துண்டுகள்மேல் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"அணைக்காத" என்றாள். சொம்பைப் போட்டுவிட்டு, கொல்லையில் இருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

சத்தம் கேட்டுத் தோழிகளும் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். நால்வரும் கல்லைச் சுற்றி நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தோம். ஓரங்கள் கருகிச் சுருண்டதும் தட்டை வெளியே இழுத்தேன். அம்மா கொண்டுவந்த தண்ணீரில் அவசரமாகக் கை நனைத்துவிட்டு, இலை போடும்வரைகூடப் பொறுக்காமல், ஊதி ஊதி நின்றபடியே தின்றார்கள். ஒருத்தி தோலைக்கூட விடவில்லை. அம்மா வைத்த கோழிக் குழம்பு உள்ளே மூடியபடியே காத்திருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஆன்ட்டி, சூப்பர்! இதை எப்படிச் செய்யறது?" என்றாள் ஒருத்தி. என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது ஒண்ணும் கஷ்டமில்லம்மா. மொதல்ல மோட்டார நிறுத்தணும்."