கச்சிராயபாளையத்தில் ஓர் அமெரிக்கத் தேர்தல்

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு அரசியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் அன்று கள்ளக்குறிச்சி பஸ் வரவில்லை. ஆசிரியர்கள் பாதிப் பேர் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளுமாக முப்பத்தொரு பேர் நாள் முழுக்க என் பொறுப்பு.

அமெரிக்க அதிபர் தேர்தல் பாடத்தை நடத்தினேன். கட்சி வேட்பாளரைச் சில மாநிலங்களில் பிரைமரி வைத்து, அதாவது சீட்டில் ரகசியமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சில இடங்களில் காகஸ். கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசி, பிடித்தவர் பக்கம் எல்லோர் முன்னாலும் போய் நிற்பார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சட்டென்று தோன்றியது: வகுப்புத் தலைவரைக் காகஸ் வைத்தே தேர்ந்தெடுத்தால் என்ன?

மைதானம் அல்லோலகல்லோலப்பட்டது. மூன்று வேட்பாளர்கள். ஒருவனுக்கு நாலே பேர் என்பதால், காகஸ் வழக்கப்படி அந்த அணியைக் கலைத்தேன். அவர்களை இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். கடைசியில் பெரிய கரும்புத் தோட்டக்காரர் மகன் பக்கம் இருபத்துநாலு பேர். மலைமேலிருக்கும் கரியாலூரிலிருந்து வந்து விடுதியில் படித்த பெண்ணின் பக்கம் ஏழு பேர்.

அவனை அறிவிக்கப் போனபோது, அவன் அணியில் நின்ற ஒரு மாணவி என்னிடம் தனியாக வந்தாள். சீட்டில் எழுதுகிற முறையையும் வைத்துப் பார்க்கலாமா என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"அவங்க கழனிக்குத்தான் டீச்சர் எங்கம்மா வேலைக்குப் போய்க்கினு இருக்குது. நான் வேற எங்க போய் நிக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைகளை எங்கே நிறுத்தியிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

நோட்டுத்தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பீரோவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க, வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினாலுக்குப் பதினேழு. கரியாலூர்ப் பெண் ஜெயித்துவிட்டாள்!

தோற்றவன் கோபப்படவில்லை. குழம்பித்தான் போனான். "எல்லாரும் எங்கூடத்தான டீச்சர் நின்னாங்க?" என்று கேட்டான்.

அதன் பிறகு எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்துவிட்டேன். முதல் ஆள் உள்ளே வருவதற்குள், மறைப்பு அட்டைக்குப் பின்னால் நானே ஒரு தடவை நின்று பார்த்துக்கொள்வேன். கூலிக்குப் போகிற ஒரு தாயின் மகள் யாருக்கும் பயப்படாமல் தன் மனசில் இருப்பதைச் சொல்ல, அந்த இரண்டடி மறைவுதான் இடம் கொடுக்கிறது.